சொல்லாமல் குடித்த கசாயம்

மணவூரைச் சுற்றியுள்ள தரிசு நிலங்களிலும் ரயில் பாதையின் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் கண்டங்கத்தரியைக் காணாமல் நடப்பது அரிது. தரையோடு தரையாகப் படர்ந்து, இலையின் நடு நரம்பிலும் கூர்மையான முட்களை நிறுத்தி, ஊதா நிறப் பூவும் மஞ்சள் பழமுமாக அது கிடக்கும். ஆடு மாடுகள் ஒதுக்கிவிட்டுப் போகும் இச்செடியை மனிதர் மட்டும் தேடிச் சென்று பறிக்கிறோம். இருமலுக்கு, இளைப்புக்கு, நெஞ்சுச் சளிக்கு, பல்வலிக்கு என்று இதற்குச் சொல்லப்படும் பயன்கள் பல. இச்செடியைக் குறை கூறுவதற்காக இக்கட்டுரையை நான் எழுதவில்லை. இதையும் இதன் உறவினங்களையும் பயன்படுத்திய செய்தியை மருத்துவரிடம் மறைப்பதால் விளையும் தீங்கைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் குடும்பத்தை அறிமுகம் செய்துகொள்வோம். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகிய நான்கும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காட்டிலும் மேட்டிலும் தாமே வளரும் கண்டங்கத்தரி, கறிமுள்ளி, சுண்டை, தூதுவளை, மணத்தக்காளி ஆகியவையும் அதே குடும்பத்தவையே. ஊமத்தையும் புகையிலையுங்கூட இக்குடும்பத்திலிருந்து வந்தவைதாம். ஆக, நம் சமையலறை, நாட்டு மருந்துக் கடை, நஞ்சுக்குச் சிகிச்சை தரும் அவசரப் பிரிவு ஆகிய மூன்று இடங்களிலும் இந்த ஒரே குடும்பம் வந்து நிற்கிறது. எது எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பிரித்தறிவதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரித்தறிவது எளிதன்று. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் இவ்வெல்லைப் பகுதியில் ஒரே செடிக்கு இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. ஒரே பெயர் இரண்டு மூன்று செடிகளையும் குறிக்கும். கண்டங்கத்தரியைத் தெலுங்கில் வாகுடு என்பார்கள், நேலமுலக என்றும் சொல்வார்கள். சுண்டைக்காயை உஸ்திகாய என்பார்கள். தமிழில் 'முள்ளி' என்று மட்டும் சொன்னால் அது கறிமுள்ளியா, நீர்முள்ளியா என்பது சொல்பவருக்கே சில வேளைகளில் விளங்காது. கொரோனாக் காலத்தில் வீடுதோறும் காய்ச்சிய கபசுரக் குடிநீரில் 'முள்ளி வேர்' என்றொரு சரக்கு சேர்கிறது. அது நீர்முள்ளியின் வேர். கத்தரிக் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயரை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வேலியோரம் சென்று முள்ளிருக்கும் செடியைப் பிடுங்கி வருபவர் எதைக் கொண்டுவருவார் என்று யாரால் சொல்ல முடியும்?

இச்செடிகளின் மருத்துவப் புகழ் மிகப் பழையது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான சிறுபஞ்சமூலம் என்னும் நூலுக்குப் பெயர் தந்ததே ஐந்து வேர்கள் சேர்ந்த ஒரு மருந்துதான். அவ்வைந்தில் கண்டங்கத்தரியும் சிறுவழுதுணையும் இடம்பெறுகின்றன. வழுதுணை என்பது கத்தரிக்கு வழங்கிய பழைய பெயர். ஆயுர்வேதத்தின் தசமூலத்திலும் கண்டங்கத்தரி உண்டு. பழமையை மட்டும் சான்றாக நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்துமா நோயாளரிடம் கண்டங்கத்தரிப் பொடியையும் தூதுவளைப் பொடியையும் 300 மில்லிகிராம் அளவில் கொடுத்துச் சோதித்த இந்திய ஆய்வொன்று 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டும் மூச்சுக் குழாயைச் சற்றே விரிப்பது அதில் தெரிந்தது. ஆனால் வழக்கமான சால்பியூட்டமால் மருந்தின் அளவுக்கு அவை பயன் தரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்து, 'இன்ஹேலரை நிறுத்திவிட்டுக் கசாயத்துக்கு மாறிவிட்டோம்' என்று மூச்சுத் திணறலோடு வருவோரைக் காணும்போதுதான் மனம் வருந்துகிறது.

இனி நஞ்சுக்கு வருவோம். இக்குடும்பத்துச் செடிகள் தம்மைப் பூச்சிகளிடமிருந்தும் பூஞ்சைகளிடமிருந்தும் காத்துக்கொள்ளக் கசப்பான சில வேதிப்பொருள்களை உருவாக்குகின்றன. கிளைக்கோஆல்கலாய்டு என்பது அவற்றின் பொதுப்பெயர். உருளைக்கிழங்கில் உள்ளது சோலனின். கண்டங்கத்தரியிலும் சுண்டையிலும் சோலசோனின் போன்றவை. இவை இரண்டு விதங்களில் நம்மைத் தாக்குகின்றன. குடலின் உட்படலத்தைப் புண்படுத்துவதால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகின்றன. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியை உரிய நேரத்தில் முடித்துவைக்கும் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியைத் தடுப்பதால் தலைசுற்றல், பேச்சுக் குழறல், தசைத் தளர்ச்சி ஆகியவை தோன்றுகின்றன. வயலில் தெளிக்கும் சில பூச்சிக்கொல்லிகள் தாக்குவதும் இதே நொதியைத்தான். பூச்சிக்கொல்லியின் நஞ்சை முறிக்க நாங்கள் ஊசியில் ஏற்றும் அட்ரோபின் முதன்முதலில் எடுக்கப்பட்டதும் இதே கத்தரிக் குடும்பத்தின் ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து என்பது இயற்கையின் வேடிக்கைகளுள் ஒன்று.

'சமைத்தால் நஞ்சு போய்விடும்' என்று பலர் நம்புகின்றனர். இது பெரும்பாலும் தவறான நம்பிக்கை. கிளைக்கோஆல்கலாய்டுகள் கொதிநீரின் வெப்பத்தில் அழிவதில்லை. 1969ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு பள்ளியில் மதிய உணவு உண்ட 78 மாணவர்கள் நோயுற்றனர். அவர்களுள் 17 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கோடை விடுமுறைக்கு முன் வாங்கி எஞ்சியிருந்த ஒரு மூட்டை உருளைக்கிழங்கே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அக்கிழங்குகள் வேகவைத்துத்தான் பரிமாறப்பட்டன. அனைவரும் பிழைத்தனர் என்பது ஆறுதல். உருளைக்கிழங்கைப் பொறுத்தவரை உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 மில்லிகிராம் அளவு இந்நஞ்சு சென்றாலே தொல்லை தொடங்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2020இல் மதிப்பிட்டது. 60 கிலோ எடையுள்ள பெரியவர் தாங்கும் அளவை 12 கிலோ எடையுள்ள குழந்தை தாங்காது என்பதற்கு இக்கணக்கே போதும்.

கசாயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு பங்கு நீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சுகிறோம். ஆவியாகப் போவது நீர் மட்டுமே. செடியிலிருந்து இறங்கிய பொருள் பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. ஒரு பிடி, கொஞ்சம், இரண்டு கைப்பிடி என்று சொல்லப்படும் அளவுகள் சொல்பவரின் கையைப் பொறுத்தவை. பாட்டியின் கை சிறியது, பேரனின் கை பெரியது. அந்தப் பாட்டி சங்கில் ஊற்றிக் கொடுத்த மருந்தைப் பேரன் டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறான்.

நம் அனைவர் வீட்டிலும் உள்ள சுண்டைக்காயைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். சுண்டை, ஆள் உயரத்துக்கும் மேலே வளரும் முட்புதர்; வெள்ளைப் பூவும் கொத்துக்கொத்தான பச்சைக் காய்களும் கொண்டது. நம்மைப் போலவே கரீபியத் தீவான ஜமைக்காவின் மக்களும் இதை விரும்பி உண்கின்றனர். சுசும்பர் என்று அழைத்து உப்புக்கருவாட்டோடு சமைக்கின்றனர். அத்தீவில் விளைந்த சுண்டைக்காயை உண்டு நோயுற்றவர்களைப் பற்றி வட அமெரிக்க நஞ்சியல் மருத்துவர்கள் 2008ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினர். பலருக்கு வாந்தியும் தலைசுற்றலும் மட்டுமே. கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்குத் தசைகள் தளர்ந்து, செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்பட்டது. அவர்கள் வேறேதோ நச்சுக்காயைத் தவறிப் பறித்துவிடவில்லை. அது நாம் உண்ணும் அதே சுண்டைதான். நோய் தந்த காய்களையும் தராத காய்களையும் ஆராய்ந்தபோது வேதிப்பொருள்களின் அளவில்தான் வேறுபாடு தெரிந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

இதைப் படித்தவுடன் வீட்டிலுள்ள சுண்டை வற்றலைக் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக அளவோடு உண்டுவரும் உணவு அது. வற்றக்குழம்பில் மிதக்கும் பத்துக் காய்கள் ஒருவரைச் சாய்த்துவிடா. உண்மையில், இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவருக்குச் சுண்டை வற்றலில் நிச்சயமாகத் தீங்கு செய்யக்கூடியது காயின் நஞ்சன்று, அதில் ஊறிய உப்புதான். வழக்கத்துக்கு மாறாகக் கடுங்கசப்பாகவோ நாக்கை அரிப்பதாகவோ இருக்கும் காயை மட்டும் துப்பிவிடுங்கள். 'மருந்து கசக்கத்தானே செய்யும்' என்று விழுங்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பச்சைச் சுண்டைக்காயைக் குவளை குவளையாக அரைத்துக் குடிப்பது வற்றக்குழம்பு அன்று. அது அளவறியாத மருந்து. மணத்தக்காளியிலும் பழுத்த கரும்பழமும் வெந்த கீரையும் உணவு. பழுக்காத பச்சைக்காயைக் குழந்தைகள் பறித்து வாயில் போட்டுக்கொள்வதை அனுமதிக்கக் கூடாது. கண்டங்கத்தரிப் பழமோ மஞ்சளாக, பளபளப்பாக, கோலிக்குண்டு போலக் கிடந்து சிறுவர்களை ஈர்க்கும். பழுத்திருக்கிறதே என்று அதைத் தின்னலாமென எண்ணிவிடக் கூடாது.

பல்வலிக்குக் கண்டங்கத்தரி விதையைத் தணலிலிட்டுப் புகைபிடிக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். புகைபட்டதும் பல்லிலிருந்து புழு விழுவதாகச் சொல்வார்கள். பற்சொத்தை நுண்ணுயிர்களால் உண்டாவது. கண்ணால் காணத்தக்க புழு அங்கே இல்லை. சூட்டில் பொரிந்து தெறிக்கும் விதையின் உட்பகுதி பார்ப்பதற்குப் புழுவைப் போலவே இருக்கும். வலி சற்றே மரத்துப்போகலாம். சீழ் மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் வந்து சேரும் நோயாளிக்குப் புகை தந்த இரண்டு நாள் அமைதி மிகுந்த விலையுடையதாகிவிடுகிறது.

ஊமத்தையைத் தனியே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அதன் காயிலும் முள் உண்டு. அதுவும் இளைப்புக்கு மருந்தென்று பெயர் பெற்றது. கண்டங்கத்தரி என்று நினைத்து ஊமத்தையைக் காய்ச்சிக் குடித்தால் உடலில் நேர்வது முற்றிலும் வேறு: வாய் வறளும், கண்மணி விரியும், உடல் கொதிக்கும், சிறுநீர் கட்டும், அறிவு தடுமாறிப் பிதற்றல் உண்டாகும். முன்னதற்குச் செய்யும் சிகிச்சையைப் பின்னதற்குச் செய்தால் நிலைமை மோசமாகும். எந்தச் செடி உள்ளே போனது என்று தெரியாத மருத்துவர் இருட்டில் துழாவுகிறார்.

அறுவை சிகிச்சைக்கு வருவோர் கட்டாயம் அறியவேண்டிய ஒன்று இருக்கிறது. மயக்க மருத்துவர் தசைகளைத் தளர்த்தப் பயன்படுத்தும் சில மருந்துகள், நான் மேலே சொன்ன நொதிகளின் வகையைச் சேர்ந்த ஒன்றாலேயே உடலில் சிதைக்கப்படுகின்றன. உருளைக்கிழங்கின் கிளைக்கோஆல்கலாய்டுகள் அந்த நொதியைத் தடுத்து, தசைத்தளர்வு நீங்கும் நேரத்தை நீட்டிப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் முயல்களிடம் சோதித்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டனர். முயலிடம் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால், நாளை காலை அறுவை சிகிச்சை என்னும் நிலையில் ஒரு வாரமாக நாள்தோறும் கண்டங்கத்தரிக் கசாயம் குடித்துவரும் ஒருவர் அதை மயக்க மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். அதே போலச் சிறுநீரக நோயாளர் எந்தக் கசாயமானாலும், கீரைச் சாறானாலும் சொல்ல வேண்டும். அவற்றின் வழியே செல்லும் பொட்டாசியத்தைப் பழுதுபட்ட சிறுநீரகம் வெளியேற்ற இயலாமல் தவிக்கும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இச்செடிகளை மருந்தாகத் தாமே எடுத்துக்கொள்வதைத் தவிர்ப்பதே நன்று.

ஏன் சொல்வதில்லை? இக்கட்டுரையின் உயிர்நாடியான கேள்வி இதுவே. சேர்க்கைப் பிரிவில் 'என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டால் நோயாளியின் மகளோ மருமகனோ மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டுகிறார்கள். 'நாட்டு மருந்து ஏதாவது?' என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு 'அதெல்லாம் ஒன்றுமில்லைங்க' என்கிறார்கள். சிலர் அதை மருந்தாகவே கருதுவதில்லை; வீட்டில் வைத்த கசாயம், கோயிலுக்குப் போனபோது வாங்கிவந்த வேர், அவ்வளவுதான் அவர்களுக்கு. வேறு சிலர் நன்கறிந்தே மறைக்கிறார்கள். மாமியார் கொடுத்ததைச் சொன்னால் வீட்டில் சண்டை. மருத்துவரிடம் சொன்னால் அங்கே வசை. 'படித்தவர்தானே நீங்கள், இதையெல்லாமா குடிப்பது?' என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். அந்தக் குடும்பம் அதன்பிறகு ஒருபோதும் உண்மை சொல்லாது. பக்கத்துப் படுக்கைக்காரரும் சொல்லமாட்டார்.

ஆகவே நோயாளரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது என்பது என் கருத்து. மருத்துவத் துறைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. கசாயம் குடித்த செய்தி எங்களுக்குச் சர்க்கரை அளவைப் போல, இரத்த அழுத்தத்தைப் போல ஒரு தகவல். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறதென்று யாரும் நோயாளியைத் திட்டுவதில்லை. சித்த மருத்துவர்களும் நமக்கு அயலார் அல்லர். அரசு மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் செயல்படுகிறது. மணவூரிலிருந்து ரயிலேறினால் அதே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மூலிகை மருந்தில் நம்பிக்கை உடையவர்கள் பட்டம் பெற்றுப் பதிவுசெய்த சித்த மருத்துவரிடம் செல்லட்டும். அவர் தரும் சீட்டை எங்களிடமும் காட்டட்டும். வாட்சப்பில் வந்த குறிப்பும் திருவிழாக் கடையில் தாளில் மடித்துக் கொடுத்த பொடியும் அச்சீட்டுக்கு ஈடாகா.

யாரேனும் செடியையோ காயையோ உண்டு வாந்தி, தலைசுற்றல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள். சிறு குழந்தை தின்றுவிட்டதென்றால் அறிகுறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். உப்புநீரோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மயக்க நிலையில் உள்ளவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வரும்போது அந்தச் செடியின் ஒரு கிளையை இலை, பூ, காயோடு முறித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எஞ்சிய கசாயத்தைப் பாத்திரத்தோடு கொண்டுவந்தாலும் நல்லது. எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்திடம் மருத்துவர்கள் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம். ஆனால் செடி எது என்று சொன்னால்தான் அவர்களாலும் விடை சொல்ல முடியும்.

நம் சேர்க்கைப் படிவத்தில் 'ஒவ்வாமை உண்டா?' என்ற கேள்விக்குக் கீழே ஓர் இடம் காலியாக இருக்கிறது. அங்கே 'கடந்த 2 வாரங்களில் வீட்டில் என்ன கசாயம், பொடி, வேர், இலை கொடுத்தீர்கள்?' என்ற கேள்வியை அச்சிட வேண்டுமென்று நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். தமிழில் ஒன்றும் தெலுங்கில் ஒன்றுமாக இரண்டு வரிகள் போதும். 'உண்டா, இல்லையா' என்று கேட்டால் 'இல்லை' என்பது எளிது. 'என்ன கொடுத்தீர்கள்' என்று கேட்டால் கொடுத்ததைச் சொல்லத் தோன்றும். புதிய படிவம் வரும்வரை, கேட்காவிட்டாலும் நீங்களே செவிலியரிடம் சொல்லுங்கள்.